கால் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்

பெங்களூர்
28-12-85

அன்பு அம்மாவுக்கு,

சென்னப்பன் எழுதுகிறேன். இங்கே குளிர் அதிகம், ஆனாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. பாஞ்சாலி, இதை அம்மாவுக்கு நிறுத்திப் படித்துக் காட்டு.

புது வருஷத்துக்காகக் கம்பெனியில் எல்லோரையும் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார்கள். போன வருஷம் என்ன செய்தாய், வருகிற வருஷம் என்ன செய்யப் போகிறாய் என்று. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, நம் வீட்டுக்கும் ஒன்று எழுதிப் பார்த்தேன். போன வருஷம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதைத் தவிர நல்லது ஒன்றும் நடக்கவில்லை. பட்டுப்புழு செத்தது. பெண் பார்க்க வந்தவர்களைப் பாஞ்சாலி புழுக் கொட்டகை வாசலில் மறித்து நின்றதைச் சொல்லி ஊரே சிரிக்கிறது.

வருகிற வருஷம் இப்படி. பொங்கல் கழிந்ததும் கிணற்றோரத்து மல்பெரிச் செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடுவோம். வைகாசியில் பாஞ்சாலிக்குக் கல்யாணம். என்னோடு வேலை செய்யும் முனியப்பன் நல்லவன், இன்னமும் சம்மதம் என்கிறான். அவன் அம்மா தீர்த்தம்மாளுக்குத்தான் வருத்தம். மன்னிப்புக் கேட்டுப் பாஞ்சாலி ஒரு கடிதம் போட்டால் போதும். பிறகு நீ இங்கே என்னோடு வந்துவிடு. அப்பா போன பிறகு நீ பட்டது போதும்.

சரி என்று ஒரு வரி எழுதச் சொல்.

உன் மகன்
சென்னப்பன்


கடத்தூர்
4-1-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை பாஞ்சாலி. நானும் அம்மாவும் சுகம். காலையில் வேலைக்குப் போகும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்கிறாள்.

உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். என் கல்யாணத்தை நானே சத்தமாகப் படிப்பது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அம்மா கேட்டுவிட்டு, "சரின்னு எழுதிடு புள்ள" என்றாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். ஆனால் அது அம்மாவின் சரி. என்னுடையது இல்லை.

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய போன வருஷம் வேறு, இங்கே நடந்த போன வருஷம் வேறு. சித்திரையில் வைத்த முதல் புழு செத்தது உண்மை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி போட்ட அம்மா, "இதுவும் லட்சுமிதானே" என்று கொட்டகைக்குள்ளும் காட்டிவிட்டாள். புகை பட்ட புழுவெல்லாம் பச்சையாகக் கக்கிச் சுருண்டது. தட்டுத் தட்டாகக் குழியில் கொட்டினோம். அப்பா செத்தபோதுதான் அம்மா அப்படி அழுது பார்த்திருக்கிறேன். ஆடியில் மறுபடி வைத்தோம், பிழைத்தது. அதன் பிறகு எடுத்த பட்டுக்கூட்டையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துச் சென்றாயன் மாமா ராமநகரம் சந்தைக்கு எடுத்துப் போய், உங்கள் பெயரில் விற்றுவந்தார். அதை நீங்கள் உங்கள் காகிதத்தில் எழுதவில்லை.

கார்த்திகையில் அவர்கள் வந்தபோது புழு கூடு கட்டத் தயாராக இருந்தது. தீர்த்தம்மாள் வாயில் புகையிலை. மாப்பிள்ளை மேல் பவுடர் வாசம் தெரு வரைக்கும் வந்தது. "புழுவப் பாக்கலாம் வாடா" என்று எழுந்துவிட்டார்கள். புகையிலையும் பவுடரும் புழுவுக்கு ஆகாது. நான் ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றேன். "உள்ள போகாதீங்க, செத்துரும்" என்றேன். "பொண்ணு ஊமையோன்னு நெனச்சேன், வாயி இருக்குதே!" என்று அந்த அம்மா சிரித்தார்.

இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

வருகிற வருஷத்துக்கு நானும் எழுதுகிறேன். மல்பெரியைப் பிடுங்க விடமாட்டேன். நட்டுவிட்டுப் போனது நீங்கள், தண்ணீர் கட்டியது நானும் அம்மாவும். வைகாசியில் கல்யாணம் இல்லை. இப்போது தட்டில் இருக்கும் புழு கூடு கட்டியதும், அதை நானே ராமநகரத்துக்குக் கொண்டுபோய் என் பெயரைச் சொல்லி விற்பேன். அங்கேயும் நாலு பேர் எதிரில் பேச வேண்டும். இருந்தாலும் போவேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் இப்போது கடிதம் எழுதுவது நான்.

உங்கள் தங்கை
பாஞ்சாலி


பெங்களூர்
11-1-86

பாஞ்சாலிக்கு,

முனியப்பனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? நாலு புழுவுக்காக ஒரு சம்பந்தத்தைக் கெடுக்கிறாய். அம்மா சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள், மற்றதெல்லாம் உன் கைவேலை. அம்மாவுக்கு என்ன தெரியும்? நீ எதைப் படித்தாலும் தலையாட்டுவாள்.

எனக்குப் பொங்கலுக்கு லீவு இல்லை. டிராக்டர் ஆண்டிக்குக் கார்டு போட்டிருக்கிறேன், பொங்கல் கழிந்து வருவார். செடியைப் பிடுங்கி ஓட்டட்டும், தடுக்காதே. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

துணி பார்சலில் வரும். நீலத் தாவணி உனக்கு.

அண்ணன்
சென்னப்பன்


கடத்தூர்
7-2-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாவணி வந்தது. பொங்கலன்று போட்டேன், நல்ல நிறம். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தையும் முழுக்கப் படித்துக் காட்டினேன். "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்ற இடத்தையும் விடவில்லை. "அத இன்னொருக்கா படி" என்றாள். படித்தேன். எழுந்து இலை பறிக்கப் போய்விட்டாள்.

டிராக்டர் வந்தபோது புழு ராத்திரி பகல் இல்லாமல் இலை தின்கிற பருவம். ஆண்டி மாமாவிடம் என்ன சொல்வதென்று எனக்கு வாய் வரவில்லை. போய்ச் செடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "எந்திரி கண்ணு, அண்ணன் காயிதம் போட்டிருக்குது" என்றார். நான் எழவில்லை. அம்மா கையில் அரிவாளோடு வந்தாள்.

"ஏ ஆண்டி, வண்டியத் திருப்பு."

"டீசல் ஊத்திக்கிட்டு வந்துட்டனே அக்கா."

"டீசலுக்கு அவனக் கேளு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதாமே!"

அவர் சிரித்துவிட்டார். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

போன வாரம் கூட்டை மூட்டை கட்டி நானும் அம்மாவும் ராமநகரம் போனோம். சந்தையில் ஒரே இரைச்சல். ஏலம் விடுகிறவர் எங்கள் கூட்டைக் கையில் அள்ளிக்கொண்டு, "யார்து கூடு இது?" என்று கன்னடத்தில் கத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள். முதலில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி கத்தினார். "என்னுது!" என்று நானும் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். பெயர் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பெங்களூரில் பஸ் மாறினோம். "அவன ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?" என்று அம்மா கேட்டாள். மடியில் அடுத்த புழுவுக்கான முட்டை அட்டை இருந்தது, சூடு பட்டால் கெட்டுவிடும், சீக்கிரம் ஊர் சேர வேண்டும். "அண்ணன் வரட்டும்மா" என்றேன். அம்மா ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆகவே நீங்கள் வாருங்கள். முனியப்பனும் வேண்டுமானால் வரட்டும், பெண் பார்க்க இல்லை, தோட்டம் பார்க்க. மாசி முழுக்கப் புழு இருக்கும். பவுடர் போடாதீர்கள், பீடியை வரப்பிலேயே போட்டுவிடுங்கள். கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர் வைத்திருப்பேன். கால் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

பாஞ்சாலி