அட்மிரல் அடுப்பில் போட்ட ஆப்பெரா

பீட்டர்ஸ்பர்க்,
நவம்பர் 1884

அன்பு மகள் கிளாஷாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், திஃப்லிஸில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்கத் தேவமாதா படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே ஆறு உறைந்துவிட்டது. அப்பாவுக்கு விரல் மூட்டில் வலி, ஆனாலும் செல்லோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு வாசிக்கப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார், நீயாவது எழுதிச் சொல்.

துக்கச் செய்தி ஒன்று. நம் லவ்ரென்தி அட்மிரல் போய்விட்டார். செவஸ்தபோல் சண்டையில் பெயர் வாங்கியவர், ஜார் கையால் பதக்கம் பெற்றவர், ஆனால் அவர் மனசெல்லாம் எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரே ஆப்பெராவில்தான் இருந்தது. அதில் மீனவன் மனைவி பாடும் பாட்டை நீதானே நம் பியானோ பக்கத்தில் நின்று அவருக்குப் பாடிக்காட்டுவாய். அவர் வீட்டிலோ, கப்பல் ஓட்டின மனுஷனுக்கு இந்தக் கத்தல் எதுக்கு என்று அவர் மனைவி எவ்தொகியா அம்மாள் கதவைச் சாத்திவிடுவாள்.

ஒருவழியாகப் போன மாதம் தியேட்டரில் அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் ஒத்திகைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். சீருடையும் பதக்கமுமாகப் புது மாப்பிள்ளை மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசிக்க ஆரம்பித்தார்கள், என்னத்தைச் சொல்ல, பித்தளைக் குழல்களின் இரைச்சலில் பாடுகிறவர்களின் வாய் அசைவதுதான் தெரிந்தது. பாவம், பீரங்கி கேட்டுக் கேட்டுக் காது போயிருக்கும் என்று ஒரு பிடில்காரன் முணுமுணுத்தது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. எழுந்துவிட்டார். நிறுத்துங்கப்பா, தப்பு உங்க மேல இல்ல, என் மனசுல கேட்டது இது இல்ல என்றார். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் ஓடிவந்து, ஐயா, அந்த மீனவப் பெண்ணோட பாட்டு தங்கம், அதையாவது விட்டுட்டுப் போங்க என்று கெஞ்சினார். கேட்கவில்லை. தாள்களையெல்லாம் தாமே பொறுக்கிக்கொண்டார். அப்பாவிடம் வந்தபோது, ஆர்செனி, கப்பலே முழுகுறப்போ ஒரு பலகைக்காக அடிச்சுக்கக் கூடாதுடா என்றாராம். வீட்டுக்குப் போய் அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டார். அடுத்த வாரமே காய்ச்சல், பிறகு எழுந்திருக்கவில்லை.

பீரங்கி முழங்கத்தான் அடக்கம் செய்தார்கள். சடங்கு முடிந்து அவர்கள் வீட்டுச் சமையலறையில் நான் அப்பம் அடுக்கிக்கொண்டிருந்தேன், என்னை அறியாமல் அந்தப் பாட்டு வாயில் வந்துவிட்டது. எவ்தொகியா அம்மாள் வாசலில் நிற்கிறாள். இது என்ன பாட்டு பிரஸ்கோவியா, நெஞ்சைப் பிடிக்குதே என்றாள். உங்க வீட்டுக்காரர் போட்டதும்மா என்றேன். உள்ளே வந்து என் கையிலிருந்த அப்பத்தை வாங்கி வைத்தாள். பிறகு, இத்தனை வருஷமும் அடுத்த அறையிலதானே இருந்தேன் என்றாள், அவ்வளவுதான். இன்னொரு தரம் பாடச் சொன்னாள், எனக்குப் பாதிக்கு மேல் வரவில்லை, அவள் காத்துக்கொண்டே நின்றாள்.

முழுதும் தெரிந்தவள் இப்போது நீ ஒருத்திதான் கிளாஷா. மறப்பதற்குள் சுரம் எழுதி அனுப்பு. மாப்பிள்ளை ஏதாவது ஆசையாய்ச் சொல்ல வந்தால் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேள். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. உங்கள் மூவரையும் கடவுள் காக்கட்டும். தபாலைத் தாமதிக்காதே, தபால் வந்துச்சா என்று அந்த அம்மாள் தினமும் நம் மாடிப்படி ஏறி வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.

உன் அம்மா,
பிரஸ்கோவியா