கழுவாத போர்டு

குட்டிம்மா,

இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகம்தான் என்று எழுதிவிட்டேன், உன் சுகத்தைக் கேட்கும் வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீ போய் நாலு மாதமாகிறது. போனவங்களுக்குத் தபால் கிடையாதும்மா என்கிறாள் உன் தங்கை, அவளுக்கென்ன, இருப்பவர்களுக்கே ஒரு வரி எழுதாதவள். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது.

நான் வேலைக்குப் போகிறேன், சால்டர் வைத்த சர்க்யூட் போர்டுகளைப் பிசின் போகக் கழுவும் அதே மேசைதான். நீ டிசைன் பண்ணின வெளிச்சமானியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெளிச்சம் பத்து மடங்கு ஏறினால் ஒரு படி, இன்னும் பத்து மடங்கு ஏறினால் இன்னொரு படி, அதனால் இருட்டறையும் உச்சி வெயிலும் ஒரே முள்ளுக்குள் அடங்கும், இதெல்லாம் அந்த லாக் ஆம்ப்ளிஃபயர் சிப் பண்ணும் வேலை என்று சோறு தின்றுகொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அதுதான். வெயிலில் சரியாகக் காட்டியது, இருட்டுப் பக்கம் இறங்கினால் கடைசி இரண்டு படிக்கு முள் வரவே இல்லை. இப்போது உன் வேலையைப் பார்க்கும் நம்ம கண்ணாடி சார் சாக்கெட்டிலிருந்து சிப்பைக் கழற்றி வேறு போட்டார், அதற்கும் அதேதான். ஒரு வாரமாய் மண்டையை உடைத்துக்கொண்டு, பாவம் அந்தப் பொண்ணு, கணக்குல எங்கேயோ கோட்டை விட்டிருக்கு என்றார். நாளைக்குள்ள சரியாகலேன்னா பழைய டிசைனுக்கே போயிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த போர்டைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், சொல்கிறேன் கேள்.

கடைசியாய் நீ அந்த வெளிச்சமானி போர்டைச் செய்து முடித்து என் தட்டில் வைத்து, நாளைக்குக் கழுவிடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். சாலையில் அது நடந்தது அன்று சாயங்காலம். இரண்டு வாரம் கழித்து நான் வந்தபோது தட்டில் அப்படியே இருந்தது, சிப்பின் கால் பக்கத்தில், சால்டர் வைத்த பிசின் மேல் உன் விரல் ரேகை. பதினெட்டு வருஷமாய்க் கழுவுகிறேன், ஒன்றைக்கூடக் கழுவாமல் விட்டதில்லை. அதை மட்டும் கழுவாமலே, கழுவினவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன்.

இன்று காலை கண்ணாடி சார் குனிந்து பார்த்தபோது அவர் மூச்சின் ஈரம் போர்டில் பட்டது, முள் ஆடியது. அவருக்குப் புரிவதற்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பிசின் அழுக்கு வழியாகக் கரண்ட் கசிகிறது, வெயிலில் அது கடலில் கலந்த சொட்டு, இருட்டில் அதுதான் கடல். உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அது கழுவாத போர்டு சார், நான்தான் கழுவாம வெச்சேன், என்றேன். ஏம்மா என்றார். விரலை நீட்டி அந்த ரேகையைக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நீங்க கழுவுறீங்களா, நான் கழுவட்டுமா, என்றார்.

நானேதான் கழுவினேன். ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வைத்து, இரண்டு தடவை. காயவைத்து மாட்டியதும் முள் கடைசிப் படி வரைக்கும் ஒழுங்காக இறங்கியது. முதலாளி வந்து பார்த்து, இதையே போடலாம், என்றார்.

வீட்டில் சொன்னேன். அப்பா இத்தனை நாளில் முதல் தடவையாய்த் தானாகவே வாயைத் திறந்து, அந்த ரேகையை ஒரு போட்டோ எடுத்துக்கலையா, என்றார். தோணலைங்க, என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், கையெல்லாம் ஸ்பிரிட் வாசனை.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு கண்ணு. ஈரத் தலையோடு படுக்காதே. கழுவுவதற்கு முன்னால் அந்த ரேகையை அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றைக் கேட்கிறேன், அது உன் எந்த விரல்?

உன் அம்மா