பனிக்கு எந்தக் கார்

ரங்கூன், மார்ச் 2003

மகனுக்கு,

உன் கடிதத்தைப் படிக்காமல் கிழித்தெறிந்தேன் என்று அலோன் பேட்டையில் உன் சித்தி சொல்லி வருகிறாளாம். தவறு. இரண்டு முறை படித்தேன். மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன.

டொராண்டோ பனிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் காரா, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் அந்த அழகான காரா என்று கேட்டிருக்கிறாய்.

அப்பா இறந்தபோது, பனியில் கார் நகரவில்லை, விமானத்தை விட்டுவிட்டேன் என்றாய். ஐஸ் பாளத்தில் வைத்து உனக்காக இரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு, "தம்பி வரமாட்டாரும்மா, நானே வச்சிடறேன்" என்று நம் டிரைவர் கோ மியிண்ட் கொள்ளி வைத்தார்.

எனக்கும் அவரே வைப்பார். வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எந்தப் பனியிலும் நீ அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை. அழகான காரையே வாங்கிக்கொள்.

புரிந்தது என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. தொலைபேசி வேண்டாம்.

அம்மா