ஊதாக் கட்டம் போட்ட கைலி

நவம்பர் 4, இரவு. காரங்காட்டுக்குத் தெற்கே.

நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரையோரமாகவே நடக்கிறேன். தினமும் ஒரு வீடியோ போடுகிறேன், ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள். இன்று மதியம் ஒரு மீனவக் கிராமத்தில் படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. "கடலுக்கே இன்னைக்கு லீவு போல" என்று சிரித்தபடி பேசி, வீடியோவைப் போட்டுவிட்டேன். லைக்குகள் குவிந்தன.

பிறகு தண்ணீர் கேட்கப் போன வீட்டு வாசலில் ஓர் அக்கா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டு ஆளு கடல்ல விழுந்துட்டாரு தம்பி. தேடப் போனவுகளும் வெறுங்கையோட திரும்பிட்டாக. உடம்பு கிடைக்கிற வரைக்கும் ஊர்ல யாரும் தொழிலுக்குப் போகமாட்டாக."

தெரு திரும்பியதும் அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று சட்டைப்பைக்குள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"கரையோரமாத்தானே போற? பாத்துக்கிட்டே போ தம்பி. ஊதாக் கட்டம் போட்ட கைலி."

வீடியோவை அழித்துவிட்டேன். இன்றைய வீடியோ எங்கே என்று அம்மா கேட்டிருக்கிறாள். நாளை தண்ணீர் ஓரத்தையே பார்த்து நடக்க வேண்டும். எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. படாமலே போனால் அந்த அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.