அறுபத்தெட்டு கிலோ

பாப்பா,

நீ எழுந்திருக்கும்போது நான் பட்டறையில் இருப்பேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

நேற்று ரேஸ் டிராக்கில், பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாய். "உனக்கு ஓட்டத் தெரியல" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அது பொய். ஓட்டுகிறவரின் எடையை சீட்டில் ஏற்றிவிட்டுத்தான் நாலு சக்கரத்து ஸ்பிரிங்கின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். உன் அண்ணன் செத்து இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் அவன் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்து, பெல்ட் மாட்டித்தான் செய்துகொண்டிருந்தேன்.

"இப்ப ஓட்டுறது நான்தாம்பா" என்றாயே, அது காதைவிட்டுப் போகவில்லை. விடியுமுன்னே எழுந்து எல்லாவற்றையும் உன் ஐம்பத்தொரு கிலோவுக்கு மாற்றிவிட்டேன். இனி இழுக்காது. முதல் இரண்டு சுற்று மட்டும் மெதுவாகப் போ.

அப்பா

இன்னொன்று. அவன் மூட்டைகளைத் தரையில் போட மனசு வரவில்லை. அவன் கட்டிலில்தான் கிடத்தியிருக்கிறேன். மெத்தை அமுங்கியிருக்கும், பயந்துவிடாதே. போர்வை போர்த்தியது நான்தான்.