தடிமன் இல்லாத அட்டை

வெள்ளி, இரவு

கிள்ளானில் வெள்ளம் வந்தால் நிவாரண மண்டபத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக விரிக்க, மடக்கக்கூடிய அட்டை அறை: இதுதான் எங்கள் மூவரின் ப்ராஜெக்ட். வடிவமைப்புக்கு ஷாலினி, அட்டைக்குப் பொருளறிவியல் படிக்கும் முரளி, மடிப்புக் கணக்குக்குக் கணிதம் படிக்கும் நான். இன்று முதல்முறை மடித்தோம். பாதியில் சிக்கிக்கொண்டது.

அறை மடியும் என்று நான் எழுதிய நிரூபணத்தில் அட்டைக்குத் தடிமனே இல்லை. கணிதத்தில் அப்படித்தான் தொடங்குவோம். இவர்களிடம் முன்பே சொல்லத் தோன்றவில்லை; சிக்கிய பிறகுதான் சொன்னேன்.

"தடிமன் இல்லாத அட்டை எந்தப் பாசார்ல விக்குது, சொல்லு லா," என்றான் முரளி.

ஷாலினி சிரிக்கவில்லை. "திங்கக்கெழம மார்க் போட பேனல் வராங்க. மடியலனா ப்ராஜெக்ட் முடிஞ்சுது. அவங்கவங்க டிபார்ட்மெண்டுக்குப் போயிடலாம்."

என் துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மடிப்புக் கோடுகளைத் தடிமனுக்கேற்ப விலக்கி வரைந்து ஷாலினிக்கு அனுப்பினேன். "காலையில வெட்டிடுறேன்" என்றாள்.

இந்த முறை மடியும்.