வாய்விருந்தும் கணவாய்க் கல்லும்

பேரிலவ நாட்டின் வடவாயிலைக் காப்பவரும், மூன்று கோடைப் போர்களிலும் புறங்காட்டாதவரும், மணிமுடி வேந்தரின் நம்பிக்கைக்கு உரியவருமான ஏனாதி கோளரியார்க்கு, அவ்வேந்தரின் ஆணையால் நாட்டின் எழுத்தனைத்தையும் காக்கும் ஓலைநாயகி வானவன் கொற்றி, கூவிள மலையின் மஞ்சள் களத்திலிருந்து விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியாகுக. உம் வீரர் வாழும் ஊர்களில் விளைவும் மழையும் பொய்யாதிருக்க.

தலையாய செய்தியை முதலில் சொல்கிறேன். இவ்வோலை கைக்கு வந்த நாழிகையிலேயே கணவாய்க் கல்லில் உளி ஓடுவது நிற்க வேண்டும்.

இரு தலைமுறைப் போருக்குப் பின், நாமும் கூவிளரும் படைக்கலத்தோடு கணவாயைக் கடப்பதில்லை என்னும் உறுதிமொழி, வரும் முழுமதியன்று இருமொழியிலும் கல்லிலிருந்து படிக்கப்பட உள்ளதை நீர் அறிவீர். எழுத்தில்லாத கூவிளர் மொழிக்கு எழுத்து வகுக்கும் பணியை வேந்தர் எனக்கு அளித்தார். ஐந்து திங்கள் உழைத்து, இருபத்திரண்டு எழுத்துகளை வகுத்து, என் முத்திரையிட்டு உமக்கு அனுப்பினேன். அந்த வரிசை பிழையானது.

பிழை செய்தவள் நானே. பிழையைக் கண்டவளும் நானே என்ற பெருமிதம் எனக்கு உண்டு.

கூவிளரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தம்மை மதித்து வந்தவரிடம் அவர்தம் வாய் போலவே தாமும் பேசுவார்கள். சொற்கள் தம்முடையவை, ஒலிகள் வந்தவருடையவை. சோற்றுக்கு முன் படைக்கும் அந்த விருந்துக்கு வாய்விருந்து என்று பெயர். விருந்தினரிடம் அதைச் சொல்லிக்காட்டுவது இழுக்கு என்பதால் எவரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் மொழி எனக்கு இத்தனை எளிதாக வருவதை என் செவியின் திறம் என்றே எண்ணி மகிழ்ந்திருந்தேன். ஐந்து திங்களும் நான் எழுதியது என் குரலின் எதிரொலியை. அதன் தெளிவில் மயங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை.

திரை விலகியது ஒரு பானையால். விருந்தினர் வேலை செய்யலாகாது என்று தடுத்தவர்களை மீறி, மஞ்சள் வேகும் பானையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றேன். ஓலையில் ஆழ்ந்திருந்தபோது நீர் வற்றி மஞ்சள் கருகிவிட்டது. களத்தின் தலைவி தூமி, என் வயதினள், ஓடிவந்து என்னை ஏசினாள். அவள் ஏச்சை நம் ஆற்றங்கரைப் பேச்சில் பெயர்த்தால் இவ்வாறு வரும்: “ஏ ஓலைக்காரி, கண்ணை எங்க வச்சிருந்த? பானை நெறைய மஞ்சள் கரியாப் போச்சு. உங்க ஊர்ல பானை தானா எறங்கி உக்காந்துக்குமோ?”

அந்த ஏச்சில் தொண்டையில் மூச்சை வெட்டி நிறுத்தும் ஓர் ஒலி கேட்டது. மூக்கில் உருளும் உயிரொலிகளும் கேட்டன. என் ஓலைகளில் அவை ஒன்றும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். அதற்கும் தனியே ஏச்சு வாங்கினேன்.

மறுநாள் முதல் விருந்தினள் அல்லேன், களத்தின் கூலியாள். எனக்கு முதுகு காட்டி வேலை செய்வோரின் பேச்சைக் கேட்டேன். ஓரொலியை எடுத்து மற்றொன்றை இட்டால் பொருள் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்தேன். மாறினால் இரண்டு எழுத்து. மூச்சை வெட்டினால் ‘மழை’, வெட்டாவிட்டால் ‘மருமகன்’ என்றாகும் சொல் அவர்களிடம் உண்டு. அதை மாற்றிச் சொன்னபோது களமே சிரித்தது. நான் தனித்தனியே எழுதியிருந்த இரு ரகரங்களில் ஒன்று சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும், மற்றது நடுவில் மட்டுமே வரும். ஒன்றன் இடத்தில் மற்றது நிற்பதில்லை. ஆகவே அவை ஓரெழுத்து. நம் ‘கடல்’ என்பதில் வலிந்தும் ‘அகல்’ என்பதில் நெகிழ்ந்தும் ஒலிக்கும் ககரத்தை நாம் ஒன்றாகவே எழுதவில்லையா? நம் ழகரமோ அவர்கள் வாயில் இல்லவே இல்லை. எனக்காக நாவை வருந்தி வளைத்திருக்கிறார்கள். ஒருவர் வாயை நம்பாமல் கூவிளரின் மூன்று ஊர்களிலும் கேட்டு ஒப்பிட்டேன். விடுபட்டவை ஐந்து, மிகுந்தவை இரண்டு. எழுத்துகள் இருபத்தைந்து.

வரிசையைத் திருத்துகிறேன் என்று தூதுவன் வழி அறிந்த நீர், நம் எழுத்துக்கு அடங்காத வாய் உலகில் இல்லை என்றும், ஒன்பது வரிகள் வெட்டியாயிற்று என்றும், சிற்றொலிகளுக்காக வேந்தர் ஏற்ற வரிசையை மாற்றுவது அவைக்கு இழுக்கு என்றும் எழுதியிருந்தீர். ஏனாதியாரே, நானும் அவ்வாறே எண்ணி வந்தவள்தான். பழைய எழுத்தில் உறுதிமொழியைப் படித்தால் என்ன ஆகும் என்று தூமியிடம் கேட்டேன். “அழகாத்தான் இருக்கும், எல்லாரும் தலையாட்டுவோம். ஆனா விருந்தாளிக்குச் சொன்ன சொல்லுக்கு யாராச்சும் கட்டுப்படுவாங்களா?” என்றாள். வாய்விருந்தில் சொன்ன சொல் உபசாரம். அது எவரையும் கட்டாது. அந்தக் கல்லின் முன் அவர்கள் இன்முகத்தோடு நிற்பார்கள், அடுத்த கோடையில் வில்லோடு இறங்குவார்கள், நாம் அவர்களைப் பொய்யர் என்போம்.

ஆகவே ஆணையிடுகிறேன். ஒன்பது வரிகளையும் செதுக்கி நீக்கிக் கல்லின் முகத்தைச் சமன் செய்க. கல்தச்சரைக் கடியற்க. பிழை என்னுடையது, வேந்தர்க்கும் அவ்வாறே எழுதிவிட்டேன். அவர் என் பதவியைத் திரும்பக் கேட்டால் தருவேன், இருபத்தைந்தில் ஒன்றையும் குறைக்கமாட்டேன். புதிய வரிசை இவ்வோலையோடு வருகிறது. முழுமதிக்குப் பதினொரு நாள் உண்டு, அது போதும்.

தூமி அங்கு வருவாள். வெட்டும் முன் ஒவ்வொரு வரியும் அவள் கேட்கப் படிக்கப்படுக. அவளுக்கு இருக்கை இடவேண்டாம், வெற்றிலை நீட்டவேண்டாம், எவரும் எழுந்து வணங்கவேண்டாம். அவள் ஏசினால் அவ்வரி திருத்தப்படுக. ஏசாமல் தன் வேலையைப் பார்க்கப் போனால் வெட்டுக. பாராட்டினால் மட்டும், உளியைத் தொடாமல், எனக்கு ஆளனுப்புக.

இலவ மலர் பொறித்த அரக்கு முத்திரை இதன்மேல் என் கையால் இடப்பட்டது. முன்னைய வரிசைமேல் இட்ட முத்திரை இன்றோடு செல்லாது. இவ்வண்ணம் செய்க.